தோட்டத்து லயத்துக்கு வயசு ஏற்றுவது எப்படி? சுண்ணாம்பு, துரு, செம்மண்: முழு வழிகாட்டி

நான் முதன்முதலாகச் செய்து முடித்த லயத்து வீட்டின் சின்ன மாதிரியை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். லயம் என்றால் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகள். கூரை முழுக்கத் துரு, சுவர் முழுக்கக் கறுப்புக் கறை, பலகை உரிந்து தொங்கியது. மூன்று வாரம் மெனக்கெட்ட வேலை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏம்பா, நாம அவ்வளோ அழுக்காவா இருந்தோம்? தீபாவளிக்குத் தீபாவளி சுண்ணாம்பு அடிச்ச வீடுய்யா அது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். நான் செய்திருந்தது ஆள் குடியிருந்த லயம் இல்லை. எல்லாரும் காலி செய்துவிட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆன லயம். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிற பலருக்கும் இந்த நோய் வரும். அவற்றில் பாதி குண்டு விழுந்த கட்டடங்கள், மீதி கைவிடப்பட்ட கொட்டகைகள். குடியிருக்கும் வீட்டை ஒரு பக்கம் மழையும் வெயிலும் கெடுத்துக்கொண்டே இருக்கும். மறுபக்கம் யாராவது துடைத்து, பூசி, ஒட்டுப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது வேலையையும் சேர்த்துச் சொல்கிறது.

நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட். நான் செய்வது 1:48 அளவில் ஆறு கதவு லயம். இந்த அளவில் ஓர் அடி என்பது கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. பத்தடி வீடு ஆறு சேர்ந்தால் நீளம் 38 செ.மீ.; மேசையில் கொள்ளும். 1:87 அளவில் செய்கிறவர்கள் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

எந்த ஆண்டு?

தூரிகையைத் தொடுவதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க. 1960 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளின் லயம் என்றால் சுற்றிலும் முள்கம்பி வேலி இருக்க வேண்டும். ஐம்பதுகளின் பின்பாதி, அறுபதுகள் என்றால் அது தோட்டத் துண்டாடல் காலம், அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலம். விற்கப்போகிற தோட்டத்தில் எந்தத் துரை கூரைக்குக் காசு செலவழிப்பார்? அப்போது மண்ணெண்ணெய் டின்னைத் தட்டி நிமிர்த்தி ஓட்டையை அடைத்த ஒட்டுகள் அதிகம் தெரியலாம். எங்கள் ஊர்க்காரரான அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இந்தத் துண்டாடலால்தான். கூரையில் டிவி ஆன்டெனா வைக்க ஆசையா? மலேசியாவில் தொலைக்காட்சி வந்ததே 1963 டிசம்பர் கடைசியில். அதற்கு முந்திய லயத்தில் ஆன்டெனா நட்டுவிடாதீர்கள்.

என் லயம் எழுபதுகளின் நடுவில் நிற்கிறது.

சாமான்களும் நம் ஊர்க் காற்றும்

பெரிய பட்டியல் தேவையில்லை. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் (நான் டாமியா கம்பெனியுடையதைப் பயன்படுத்துகிறேன், எக்ஸ்எஃப் என்று தொடங்கும் நிற எண்களை அதிலிருந்தே சொல்கிறேன்), சாம்பல் நிறப் பிரைமர் ஸ்பிரே, மேட் வார்னிஷ், மலிவான ஹேர்ஸ்பிரே, ஓவியர்களின் ஆயில் பெயின்ட்டில் பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), கறுப்பு என்று மூன்று டியூப், வாசனையில்லாத ஒயிட் ஸ்பிரிட், பாஸ்டல் சாக், பழைய பல்துலக்கி, பாத்திரம் தேய்க்கும் ஸ்பஞ்சு, மருந்துக்கடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஏர்பிரஷ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் இந்த வேலை நடக்கும்.

ஸ்பிரே அடிக்கிற நேரம் முக்கியம். மத்தியானத்துக்கு மேல் மேகம் கூடும்போது மேட் வார்னிஷ் அடித்தால் காற்றின் ஈரம் அதில் மாட்டிக்கொண்டு பனி படிந்ததுபோல் வெளுத்துவிடும். ஒரு முழுக் கூரை எனக்கு அப்படிப் போயிருக்கிறது. காலை பத்து, பதினொரு மணிக்கு, வெயில் நன்றாக ஏறிய பிறகு, 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு வேறு வேலை பாருங்கள்.

இன்னொன்று: சுவர், கதவு, கூரைத் தகரம் எல்லாவற்றையும் தனித்தனியாக வண்ணமடித்து, பிறகு ஒட்டி, ஒட்டின பிறகுதான் மழைக்கறையும் செம்மண்ணும் போட வேண்டும். மழை ஒவ்வொரு துண்டாகப் பார்த்துப் பெய்வதில்லை.

பலகைச் சுவர்

என் சுவர் 1.5 மி.மீ. பால்சா மரம். ஆறு அங்குலப் பலகை என்றால் 3.2 மி.மீ.க்கு ஒரு கோடு. காலியான பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கீறினால் போதும்.

பலகையின் பழுப்புச் சாம்பலைப் பெயின்ட்டால் கொண்டுவருவதைவிட மரத்துக்குள்ளேயே வரவழைப்பது அழகு. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைச் சோப்பு போகக் கழுவி, ஒரு போத்தலில் போட்டு, வெள்ளை வினிகர் ஊற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே ஹைட்ரஜன் வாயு கிளம்பும்; அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். இந்தத் தண்ணீர் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புச் சத்தோடு சேர்ந்தால் சாம்பல் கறுப்பாக மாறும். பால்சாவில் டானின் குறைவு. அதற்குத்தான் முதலில் கடுந்தேநீர். தேத்தூளைக் கறுக்கக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, பலகையில் பூசி, காய்ந்த பிறகு வினிகர்த் தண்ணீரைத் தடவுங்கள். பத்து நிமிஷத்தில் முப்பது வருஷப் பலகை. முதலில் ஒரு துண்டு மரத்தில் சோதித்துப் பாருங்கள், சில சமயம் அளவுக்கு மேல் கறுத்துவிடும். அப்படியானால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கலாம். ஒரு பக்கம் மட்டும் நனைத்தால் பால்சா அப்பளம்போல் வளையும். இரண்டு பக்கமும் பூசி, பாதி காய்ந்ததும் இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகம் ஏற்றிவிடுங்கள்.

ஸ்டைரீன் பிளாஸ்டிக் சுவர் என்றால் இந்த வித்தை எடுபடாது. எக்ஸ்எஃப்-55 (இளம் பழுப்பு) அடித்து, மேலே எக்ஸ்எஃப்-52 (மண் நிறம்), சாம்பல் என்று நீர்க்கக் கரைத்துப் பலகைக்குப் பலகை நிறத்தைச் சற்று மாற்றி இழுங்கள்.

எந்தச் சுவரானாலும் இப்போது ஒரு பூச்சு மேட் வார்னிஷ். அடுத்த கட்டத்தில் தண்ணீர் வைத்துத் தேய்க்கப் போகிறோம்; இந்த வார்னிஷ் இல்லாவிட்டால் அடி நிறமும் கிளம்பி வந்துவிடும்.

சுண்ணாம்பு

வேலையின் உயிர்நாடி இதுதான், அவசரப்படாதீர்கள். வார்னிஷ் காய்ந்ததும் ஹேர்ஸ்பிரே இரண்டு பூச்சு அடித்துக் காயவிடுங்கள். அதன் மேல் சுண்ணாம்பு நிறம். எக்ஸ்எஃப்-2 வெள்ளையை அப்படியே அடித்தால் கண்ணைப் பறிக்கும், பொம்மை வீடாகிவிடும். பத்துச் சொட்டு வெள்ளைக்கு ஒரு சொட்டு எக்ஸ்எஃப்-57 (வெளிர் மஞ்சள் பழுப்பு) சேருங்கள். லயத்தில் சுண்ணாம்போடு துணிக்குப் போடும் நீலத்தையும் கலக்கிற வழக்கம் உண்டு, ஞாபகம் இருக்கிறதா? ஒரு வீட்டுச் சுவருக்கு மட்டும் ஊசி முனையளவு எக்ஸ்எஃப்-8 நீலம் கலந்து பாருங்கள். ஆறு கதவும் ஒரே வெள்ளையாக இருந்தால் ஆறு குடும்பம் இருப்பது தெரியாது.

கால் மணியிலிருந்து அரை மணி கழித்து, தொட்டால் ஒட்டாத நிலையில், சுவரை ஈரத் தூரிகையால் நனையுங்கள். ஹேர்ஸ்பிரே கரைய ஆரம்பிக்கும். கட்டையான தூரிகை முனையால் மெல்லக் குத்தித் தேய்த்தால் வெள்ளை செதில் செதிலாக உரியும். எங்கே உரிக்க வேண்டும்? இறவாரத்துக்குக் கீழே மழை படாது, அங்கே சுண்ணாம்பு முழுசாக இருக்கும். சன்னல் கட்டைக்கு அடியில், பலகையின் கீழ்விளிம்புகளில், தரையிலிருந்து மூன்றடிக்குள், அதாவது 19 மி.மீ.க்குள் அதிகம் உரியும். கதவுக்குப் பக்கத்தில் ஆட்கள் முதுகு சாய்த்து உட்காரும் இடத்தில் உரியாது, தேய்ந்து வழவழப்பாகும். அங்கே குத்தாமல் பக்கவாட்டில் தேயுங்கள்.

உரிந்தது போதும் என்று தோன்றுவதற்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்துங்கள். பிறகு வார்னிஷ், மறுபடி ஹேர்ஸ்பிரே, மறுபடி சற்று வேறு வெள்ளை, மறுபடி உரித்தல். இரண்டாவது வெள்ளை உரிந்த இடத்தில் முதல் வெள்ளையும், அதுவும் உரிந்த இடத்தில் பலகையும் தெரியும்போது போன தீபாவளியும் அதற்கு முந்தின தீபாவளியும் சுவரில் வந்துவிடும். என் முதல் வீட்டில் இல்லாமல் போனது இதுதான்.

கடைசியில் ஏதாவது ஒரு வீட்டின் முன்சுவருக்கு மட்டும் புத்தம் புது வெள்ளை அடித்து விட்டுவிடுங்கள், உரிக்கவே வேண்டாம். அந்த வீட்டில் கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அடியில் தார்

சுவரின் அடிப்பகுதியில் இரண்டடிக்குக் கறுப்புத் தார். 1:48-இல் 12.7 மி.மீ. நேர்கோடு வேண்டுமே என்று நான் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். எடுக்கும்போது ஹேர்ஸ்பிரே மேலிருந்த சுண்ணாம்பு மொத்தமும் டேப்போடு வந்துவிட்டது. டேப் வேண்டாம். பென்சிலால் மெல்லக் கோடு போட்டு, தட்டைத் தூரிகையால் கையாலேயே அடியுங்கள். நிஜத் தாரும் அப்படி ஏறி இறங்கித்தான் இருக்கும், அங்கங்கே வெள்ளையின் மேல் வழிந்தும் இருக்கும். கலவை எக்ஸ்எஃப்-1 கறுப்பு இரண்டு பங்கு, எக்ஸ்எஃப்-10 பழுப்பு ஒரு பங்கு, வெள்ளை சிறிது. சின்ன அளவில் முழுக் கறுப்பு, சுவரில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும்.

கதவும் சன்னலும் சுலபம். தோட்டத்தில் கிடைத்த ஒரே பெயின்ட்டை எல்லாக் கதவுக்கும் அடித்திருப்பார்கள். எக்ஸ்எஃப்-5 பச்சையில் கொஞ்சம் வெள்ளை. விளிம்புகளில் ஸ்பஞ்சால் பலகை நிறத்தை ஒற்றினால் முடிந்தது.

தகரக் கூரை

பார்ப்பவர் கண் முதலில் விழுவது கூரையில். நிஜத் தகரத்தில் ஒரு நெளியிலிருந்து அடுத்த நெளிக்கு 76 மி.மீ.; 1:48-இல் 1.6 மி.மீ. ஹார்ட்வேர் கடையில் எம்10 மரைக்கம்பி கேளுங்கள். அதன் மரை இடைவெளி 1.5 மி.மீ., கிட்டத்தட்ட சரியான அளவு. சாப்பாடு கட்டிக் கொடுக்கும் அலுமினியத் தட்டின் அடிப்பாகத்தை வெட்டி, பழைய மவுஸ் பேட் மேல் வைத்து, மரைக்கம்பியை அழுத்தி உருட்டுங்கள், நெளி விழும். மரை சுற்றிச் சுற்றி ஏறுவதால் கோடுகள் உருட்டிய திசைக்குச் சற்றுச் சாய்ந்தே வரும். பரவாயில்லை, நெளியின் போக்கிலேயே அளந்து வெட்டினால் சாய்வு தெரியாது. எட்டடித் தகரம் 51 மி.மீ. நீளம், 14 மி.மீ. அகலம். இரண்டு பக்கச் சரிவுக்கும் நூற்றி இருபதுக்கு மேல் வேண்டும். ராத்திரி நாடகம் பார்த்துக்கொண்டே வெட்டுங்கள்.

வெட்டின தகரங்களைச் சோப்பில் கழுவி எண்ணெய்ப்பசை போக்கி, பிரைமர் அடித்து, நாலைந்து குவியலாகப் பிரியுங்கள். குவியலுக்கு ஒரு சாம்பல்: ஒன்று வெளிர், ஒன்று நீலம் கலந்தது, ஒன்று பழுப்பு கலந்தது. நாகம் பூசிய தகரம் புதிதில் பளபளக்கும்; கொஞ்ச காலத்தில் மேல்தோல் மங்கிச் சாம்பலாகும். பளபளப்பான தகரம் கூரைக்கு இரண்டோ மூன்றோ போதும், அவை போன மாசம் மாற்றியவை. குவியல்களைக் கலைத்துப்போட்டு ஒட்டுங்கள். பக்கத்துத் தகரத்தின் மேல் ஒன்றரை நெளி ஏறட்டும்.

இனி துரு. நாகப் பூச்சு இரும்புக்காகத் தன்னைக் கொடுத்துக் காப்பாற்றும். அது தீர்ந்த இடத்தில்தான் துரு தொடங்கும். ஆணி அடித்த துளை, வெட்டின விளிம்பு, ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஈரம் தங்கும் மடிப்பு, இவைதான் துரு பிறக்கும் இடங்கள். தகரத்தின் நடுவில் காரணமில்லாமல் துருத் திட்டு வைக்காதீர்கள். ஆணியைப் பள்ளத்தில் அடிக்க மாட்டார்கள், ஒழுகும், மேட்டில்தான் அடிப்பார்கள். ஆகவே துரு மேட்டில் பிறந்து, பக்கவாட்டில் இறங்கி, பள்ளத்தில் ஓடும்.

முதலில் எக்ஸ்எஃப்-64 செம்பழுப்புடன் கறுப்புக் கலந்து பழைய துருவை ஸ்பஞ்சின் பிய்ந்த முனையால் மடிப்புகளில் ஒற்றுங்கள். அதன் நடுவில் வெறும் எக்ஸ்எஃப்-64, முன்னதைவிடச் சின்னதாக. பிறகு ஆணி வரிசை: பல்குச்சி முனையால் பர்ன்ட் சியன்னா ஆயில் பெயின்ட்டைப் புள்ளி புள்ளியாக வையுங்கள். பத்து நிமிஷம் கழித்து, ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்துத் துணியில் ஒற்றிய தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. தூரிகை சொட்டச் சொட்ட இருந்தால் கறை அழிந்துபோகும், காய்ந்திருந்தால் இழுபடாது. ஆயில் பெயின்ட் என்பதால் பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். நல்ல ஆரஞ்சுத் துரு மொத்தக் கூரையிலும் பத்து இடத்துக்கு மேல் வேண்டாம்.

கூரை மேல் இரண்டு செங்கல், ஒரு பழைய சைக்கிள் டயர் வைத்தால் காற்றுக்குப் பயந்தவர் யாரோ உள்ளே இருக்கிறார் என்று தெரியும். டயர் கிடக்கும் இடத்துக்குக் கீழே ஈரக்கறை ஒன்று இறங்கட்டும்.

மழைத்தண்ணீரும் பாசியும்

வீட்டை ஒட்டி முடித்தாயிற்று. பர்ன்ட் அம்பரும் கறுப்பும் ஒரு பங்கு, ஒயிட் ஸ்பிரிட் பத்துப் பங்கு என்று கரைத்து, பலகைக் கோடுகளில் தூரிகை முனையை மட்டும் தொடுங்கள். தண்ணீர் தானே கோட்டில் ஓடிப் பிடித்துக்கொள்ளும். சுவர் முழுக்கப் பூசிவிடாதீர்கள், நாம் பாடுபட்ட சுண்ணாம்பு மங்கிவிடும். பிளாஸ்டிக் வீடு என்றால் முதலில் வார்னிஷ் கட்டாயம், இல்லாவிட்டால் ஒயிட் ஸ்பிரிட் ஒட்டுகளில் இறங்கி விரிசல் விடலாம். ஓர் இரவு காயட்டும்.

வெளிநாட்டுப் பாடங்களில் வடக்குச் சுவரில் பாசி போடச் சொல்வார்கள். அவர்கள் ஊரில் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும், வடக்குச் சுவரில் நிழல். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகைக்குள். சூரியன் பாதி வருஷம் இந்தப் பக்கம், பாதி வருஷம் அந்தப் பக்கம். நமக்குத் திசையை வைத்துப் பாசி இல்லை, தண்ணீரை வைத்துத்தான். குளிக்கும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவர், பைப்படி, இறவாரத் தண்ணீர் விழும் லோங்காங் (சாக்கடை) ஓரம், வாழைமர நிழல் விழும் மூலை, இந்த இடங்களில் மட்டும். நிறம் பச்சை என்று நினைத்துவிடாதீர்கள். காய்ந்த பாசி கறுப்புத்தான், ஈரமானதுதான் பச்சை. கறுப்புப் பாஸ்டலைச் சுரண்டிப் பொடியாக்கி, பச்சை ஒரு துளி சேர்த்து, ஆல்கஹாலில் நனைத்து ஒற்றுங்கள்.

செம்மண்

இதற்குக் காசு கொடுத்துப் பொடி வாங்காதீர்கள். தோட்டத்துப் பாதை ஓரத்தில் ஒரு கைப்பிடி அள்ளி வந்து, வெயிலில் காய வைத்து, டீ வடிகட்டியில் ஒருமுறை, பழைய நைலான் காலுறையில் ஒருமுறை சலியுங்கள். பிறகு ஓவனில் 120 பாகையில் ஒரு மணி நேரம். மண்ணில் இருக்கும் பூஞ்சையை நம் ஊர் ஈரத்தில் விட்டால் ஒரு மாசத்தில் லயம் முழுக்க முடி முளைக்கும்.

இறவாரத்திலிருந்து விழும் மழை தரையில் மோதிச் செம்மண்ணைச் சுவரில் தெறிக்கும். உயரம் ஓரடியிலிருந்து ஒன்றரை அடி, நமக்கு ஆறிலிருந்து ஒன்பது மி.மீ. மண்பொடியை ஆல்கஹாலில் குழைத்து, பல்துலக்கியில் தொட்டு, வீட்டை நிமிர்த்தி வைத்துக் கீழிருந்து மேலாகக் கட்டைவிரலால் தெறியுங்கள். கறுப்புத் தாரின் மேல் சிவப்புப் புள்ளிகள் விழும்போது லயம் சட்டென்று நம் ஊருக்கு வந்துவிடும். வராந்தா கூரை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் தெறிப்பு குறைவு, வீட்டின் இரண்டு கோடிச் சுவர்களிலும் அதிகம்.

தரையில் மண் ஒட்ட, ஒரு பங்கு வெள்ளைக் கோந்து, மூன்று பங்கு தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு. கோந்து காய்ந்தாலும் மண் நிறம் கறுத்தே நிற்கும். மேலே வெளிர் ஆரஞ்சுப் பாஸ்டல் பொடியைத் தூவிச் சரிக்கட்டுங்கள்.

அடுப்படியும் கைபட்ட இடமும்

பின்னால் அடுப்படி. ரப்பர் விறகுப் புகை சுவருக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் வெளியேறும். அங்கே கரித்துண்டைப் பொடித்துக் காய்ந்த தூரிகையால் மேல்நோக்கித் தேயுங்கள், தகரத்தின் அடிப்பக்கமும் சேர்த்து.

கதவு விளிம்பில் கை உயரத்தில் மங்கிய பழுப்பு. நிலைப்படிக்கு மேலே பல்குச்சி முனையால் மஞ்சள், அதன் நடுவில் சிவப்புப் புள்ளி. வாசலில் வெள்ளைப் பென்சிலில் ஒரு சின்னக் கோலம், எல்லா வீட்டுக்கும் வேண்டாம். சுவரில் சைக்கிள் சாத்திச் சாத்திக் கீறின ஒரு கோடு. பச்சை மைலோ டின்னில் ஒரு செடி. இத்தனையும் ஒரே மாலையில் முடிகிற வேலை, ஆனால் மனிதர்கள் இருப்பது இவற்றில்தான் தெரியும்.

கடைசியாக மேட் வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு, சுவருக்கு மட்டும். செம்மண் பொடி மேல் அடித்தால் பாதிப் பொடி காணாமல் போகும். புதுத் தகரத்திலும் அடிக்காதீர்கள், பளபளப்பு செத்துவிடும்.

பிறகு மூடி போட்ட அக்ரிலிக் பெட்டியில் வையுங்கள், மூலையில் ஒரு பை சிலிக்கா ஜெல், மாசத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நான் பெட்டி வாங்கச் சோம்பல்பட்டு அலமாரி மேல் வைத்திருந்தேன். மறுநாள் காலை மூன்றாவது வீட்டுக் கூரையில் ஒரு பல்லி எச்சம். எதைச் சின்னதாக்கினாலும் அது மட்டும் சின்னதாகவில்லை. ஈரப் பஞ்சால் துடைத்ததில் ஆணித் துருவும் போய்விட, அந்த இரண்டு தகரத்தையும் கழற்றிவிட்டுப் புதுசு போட்டேன்.